புகலிடம் தேடிய 276-ஆம் எண் கைதி

அபர்டீன் பஜாரின் மணிக்கூண்டைச் சுற்றி நின்று பார்த்தால், பாதிக்கு மேற்பட்ட முகங்கள் கடல் கடந்து வந்த குடும்பங்களின் முகங்களாகவே இருக்கும். தென் மாவட்டங்களிலிருந்து வந்து பலசரக்குக் கடையும் ஜவுளிக் கடையும் வைத்த தமிழர்கள், 1949-க்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்து குடியமர்ந்தவர்கள், தெலுங்கர்கள், மலையாளிகள், ராஞ்சிப் பகுதியிலிருந்து வந்த உழைப்பாளிகள், கைதிகளின் வழியில் வந்த உள்ளூர்வாசிகள் என்று பல கூட்டம் இங்கே ஒன்றாகக் கலந்திருக்கிறது. சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் சிலவும் 1970-களில் இந்தத் தீவுக் கூட்டத்தின் கச்சால் ரப்பர்த் தோட்டத்திற்கு வந்து சேர்ந்தன. வந்தவர்களில் பலருக்கும் பொதுவான காரணம் ஒன்று உண்டு. பிறந்த ஊரில் பிழைப்பு இல்லை, அல்லது உயிருக்குப் பாதுகாப்பு இல்லை. கடலுக்கு அப்பால் நிம்மதியாக இருக்கலாம் என்ற நம்பிக்கையோடு கப்பல் ஏறினார்கள்.

பஜாரிலிருந்து சரிவில் இறங்கிக் கடற்கரைப் பக்கம் போனால், 1859-ஆம் ஆண்டு மே 17-ஆம் தேதி நடந்த அபர்டீன் போரின் நினைவுச் சின்னம் இருக்கிறது. வில்லும் அம்பும் கொண்டு வெள்ளைக்காரனின் துப்பாக்கிகளை எதிர்த்து மடிந்த அந்தமானியப் பழங்குடியினருக்காக எழுப்பப்பட்டது அது. அந்தப் போரின் கதையைச் சொல்ல வேண்டுமானால் ஒரு மனிதரின் பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. அவர்தான் தூத்நாத் திவாரி. பாதுகாப்பான நாட்டைத் தேடி ஓடியவர். எதிர்பாராத இடத்தில் அந்தப் பாதுகாப்பு கிடைக்கப் பெற்றவர். கிடைத்ததைத் தாமாகவே விட்டு வந்தவர். நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவரைப் பற்றிய வழக்கு தீவில் இன்னும் தீரவில்லை.

ஜீலம் நகரில் ஒரு காலை

தூத்நாத் திவாரி ஆங்கிலேயக் கும்பெனியின் வங்காளப் பட்டாளத்தில் 14-ஆவது காலாட்படைப் பிரிவில் சிப்பாயாக இருந்தவர். திவாரி என்பது வடநாட்டுப் பிராமணர்களிடையே வழங்கும் பட்டப் பெயர். அக்காலத்து வங்காளப் பட்டாளத்தில் அத்தகைய குடும்பங்களிலிருந்து வந்த சிப்பாய்கள் ஏராளம். கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று அஞ்சியவர்கள் அவர்கள். கடல் அவர்களுக்குக் காலாபானி, அதாவது கறுப்புத் தண்ணீர். அந்தக் கறுப்புத் தண்ணீரைத் தாண்டி அனுப்பப்படுவதைத் தூக்குக் கயிற்றைவிடக் கொடியது என்று எண்ணியவர்களும் இருந்தார்கள்.

1857-இல் மீரட்டிலும் டில்லியிலும் சிப்பாய்ப் புரட்சி வெடித்தபோது 14-ஆவது படைப்பிரிவு பஞ்சாபில் ஜீலம் நகரில் தங்கியிருந்தது. அந்தச் சிப்பாய்களை நம்ப முடியாது என்று முடிவு கட்டிய அதிகாரிகள், அவர்களிடமிருந்து ஆயுதங்களைப் பறிக்க ஜூலை 7-ஆம் தேதி வெள்ளைக்காரப் படையை அனுப்பினார்கள். சிப்பாய்கள் ஆயுதத்தைக் கீழே வைக்க மறுத்துச் சுட்டார்கள். பகல் முழுதும் சண்டை நடந்தது. இரு தரப்பிலும் பலர் மாண்டார்கள். இரவில் எஞ்சிய சிப்பாய்கள் ஊரை விட்டு ஓடினார்கள். காஷ்மீர் மன்னரின் எல்லைக்குள் நுழைந்தால் தப்பலாம் என்று போனவர்கள்கூடப் பிடித்து ஒப்படைக்கப்பட்டார்கள்.

அன்றைய வட இந்தியாவின் நிலையை இன்று நினைத்துப் பார்ப்பது கடினம். ஊர்கள் எரிந்தன. சாலையோர மரங்களில் பிணங்கள் தொங்கின. வழிப்பறியும் கொள்ளையும் பெருகின. பீரங்கி வாயில் கட்டிச் சிதறடிப்பதைத் தண்டனை என்று பெயரிட்டு அரசாங்கமே செய்தது. குற்றம் எது, நியாயம் எது என்று பிரித்துச் சொல்ல ஆள் இல்லாத காலம். பிடிபட்ட தூத்நாத் திவாரியை ஜீலத்தில் விசாரணைக் கமிஷன் ஒன்று விசாரித்தது. புரட்சியில் சேர்ந்ததும் படையை விட்டு ஓடியதும் குற்றங்கள் என்று கூறி, ஆயுள் முழுதும் தீவாந்தர சிட்சை, விலங்குடன் கூடிய வேலை என்று தீர்ப்பளித்தது.

வாக்கரின் தீவு

அந்தமானில் கைதிக் குடியேற்றம் அமைப்பது ஆங்கிலேயருக்குப் புதிய எண்ணம் அல்ல. 1789-இலேயே ஆர்ச்சிபால்ட் பிளேயர் என்ற கடற்படை அதிகாரி இங்கே ஒரு குடியேற்றத்தைத் தொடங்கினார். பின்னர் அது வட அந்தமானுக்கு மாற்றப்பட்டது. நோயும் சாவும் தாங்க முடியாமல் 1796-இல் கைவிடப்பட்டது. அறுபது ஆண்டுகள் கழித்து, புரட்சிக் கைதிகளால் சிறைகள் நிரம்பி வழிந்தபோது, அரசாங்கத்துக்கு மீண்டும் இந்தத் தீவுகளின் நினைவு வந்தது.

1858 மார்ச் 10-ஆம் தேதி ஆக்ரா சிறையின் மேற்பார்வையாளராக இருந்த டாக்டர் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர், 200 கைதிகளுடன் இங்கு வந்து இறங்கினார். முதலில் சாத்தம் தீவிலும் பிறகு ராஸ் தீவிலும் காடு வெட்டும் வேலை தொடங்கியது. வந்து சில நாட்களுக்குள்ளேயே தப்ப முயன்ற ஒரு கைதி தூக்கிலிடப்பட்டார். இன்னொருவர் தற்கொலை செய்துகொண்டார். தப்பியோடிப் பசியால் திரும்பியவர்களையும் பிடிபட்டவர்களையும் வாக்கர் மன்னிக்கவில்லை. எண்பதுக்கும் மேற்பட்டவர்களை அவர் தூக்கிலிட்டார். இதைக் கேள்விப்பட்ட கல்கத்தா அரசாங்கமே திடுக்கிட்டு, இனி அவ்வாறு செய்யக்கூடாது என்று உத்தரவு அனுப்பியது.

இந்தச் சூழ்நிலையில்தான் 1858 ஏப்ரல் 6-ஆம் தேதி, கராச்சித் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட கப்பலில் தூத்நாத் திவாரி வந்து சேர்ந்தார். அவருக்குக் கொடுக்கப்பட்ட எண் 276. அந்த எண்தான் இனி அவருக்குப் பெயர். மூடிய காடு, ஓயாத மழை, அட்டைகள், விஷக் காய்ச்சல், காலில் விலங்கு, தலைக்கு மேல் கூரை என்று சொல்ல ஒரு கூடாரம். சுற்றிலும் கொலைக்கும் கொள்ளைக்கும் புரட்சிக்கும் என்று பலவித தண்டனை பெற்ற மனிதர்கள். வேலை வாங்கும் மேஸ்திரிகளும் கைதிகளே. ராஸ் தீவில் திவாரி தங்கியது 17 நாட்கள் மட்டுமே.

பர்மா என்ற கனவு

கைதிகளிடையே ஒரு பேச்சு பரவியிருந்தது. காட்டைத் தாண்டி வடக்கே பத்து நாள் நடந்தால் பர்மா அரசரின் தலைநகரம் வந்துவிடும். ஆங்கிலேயருக்கு ஆகாத அந்த அரசர் தஞ்சம் கொடுப்பார். அங்கே நிம்மதியாக வாழலாம் என்பது அந்தப் பேச்சு. ஆகா என்ற கைதி இதை உறுதியாகச் சொல்லிக் கூட்டம் சேர்த்தார். தாம் இருப்பது நான்கு பக்கமும் கடல் சூழ்ந்த தீவு என்பதே அவர்களில் பலருக்குத் தெரியவில்லை. வரைபடம் பார்த்தவர் யாரும் இல்லை. கங்கைச் சமவெளியில் பிறந்தவனுக்கு நிலம் என்றால் நடந்துகொண்டே போகக் கூடியது. அவர்கள் எப்படியோ பர்மாக் கரையை எட்டியிருந்தாலும் பயன் இருந்திராது. 1852 முதல் பர்மாவின் தென் கரை முழுவதும் ஆங்கிலேயர் கையில்தான் இருந்தது.

ஏப்ரல் 23-ஆம் தேதி ராஸ் தீவிலிருந்து திவாரியும் மற்றவர்களுமாகத் தொண்ணூறு பேர் அளவில் தப்பினார்கள். வெட்டிப் போட்ட மரங்களைக் கூடாரக் கயிறுகளால் பிணைத்து மிதவை கட்டி, எதிர்க் கரைக்கு வந்தார்கள். வேறு நிலையங்களிலிருந்து ஓடியவர்களும் வந்து சேர, கூட்டம் நூறைத் தாண்டியது. பிறகு காட்டுக்குள் நடை தொடங்கியது.

பதின்மூன்று நாட்கள் அவர்கள் நடந்தார்கள். திசை தெரியவில்லை. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்த நாட்களும் உண்டு. சோறு இல்லை. காட்டில் எது தின்னத் தகுந்தது என்று தெரியாது. குடிதண்ணீர் கிடைப்பதே அரிது. நடக்க முடியாமல் விழுந்தவர்களை விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். பத்து நாளில் வர வேண்டிய பர்மா வரவில்லை.

அம்பு எய்தவர்களே ஆதரித்தார்கள்

பதினான்காம் நாள் நண்பகலில் வில்லும் அம்பும் ஏந்திய சுமார் நூறு அந்தமானியர் அவர்களைச் சூழ்ந்துகொண்டார்கள். கைதிகளிடம் ஆயுதம் இல்லை. கையெடுத்துக் கும்பிட்டுப் பார்த்தார்கள். பயன் இல்லை. அங்கே பெரும்பாலோர் மாண்டு போனார்கள். மூன்று காயங்களுடன் திவாரியும் வேறு இருவரும் தப்பி ஓடி இரவைக் காட்டில் கழித்தார்கள்.

மறுநாள் கடற்கரைப் பக்கம் வந்தபோது மற்றொரு கூட்டத்தின் கண்ணில் பட்டுவிட்டார்கள். உடன் வந்த இருவரும் கொல்லப்பட்டார்கள். திவாரி செத்தவர் போல் கிடந்தார். பிடித்து இழுத்தபோது உயிர் இருப்பது தெரிந்தது. மீண்டும் அம்புகள் பாய்ந்தன. மணிக்கட்டிலும் இடுப்பிலும் காயம். மீண்டும் அவர் கைகூப்பினார். இம்முறை அவர்களுக்கு என்ன தோன்றியதோ, வில்லைத் தாழ்த்தினார்கள். தூக்கிப் படகில் கிடத்தினார்கள். காயங்களின்மேல் செம்மண் குழைத்துப் பூசினார்கள். தென் அந்தமானின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள தார்முக்லித் தீவுக்குக் கொண்டு போனார்கள். வண்டூரில் படகேறிச் சுற்றுலாப் பயணிகள் இன்று பார்க்கும் கடல் தேசியப் பூங்காவின் தீவுகளில் அதுவும் ஒன்று.

அந்தமானியர் ஏன் அந்நியரைக் கண்டதும் அம்பு எய்தார்கள் என்பதையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். அடிமை வியாபாரிகள் தீவுக் கரைகளில் இறங்கி ஆட்களைப் பிடித்துப் போன கதைகள் அந்தக் கடலில் பழையவை. புதிதாக வந்தவர்களோ காட்டை வெட்டினார்கள். பன்றி வேட்டைக்கும் தேனுக்கும் கிழங்குக்கும் அந்தக் காடுதான் அவர்களுக்கு ஆதாரம். அந்நியன் வந்தால் ஆபத்து வரும் என்பது அவர்கள் அனுபவத்தில் கண்டது. அப்படியிருந்தும் இந்த ஒருவரை அவர்கள் பிழைக்க வைத்தார்கள்.

தார்முக்லியில் திவாரி

காயங்கள் ஆறின. திவாரியின் தலையை அவர்கள் தங்கள் வழக்கப்படி கண்ணாடிச் சில்லால் மழித்தார்கள். உடலில் மண் பூசினார்கள். ஆடை என்பது போயிற்று. சாதி போய்விடும் என்று கடலுக்கு அஞ்சிய குடும்பத்தில் பிறந்த மனிதர், பன்றி இறைச்சியும் ஆமை இறைச்சியும் உண்ணும் மக்களோடு ஒரே நெருப்பைச் சுற்றிப் படுத்து உறங்கினார். கூட்டம் ஓர் இடத்தில் நிலையாகத் தங்குவதில்லை. வேட்டைக்கும் மீனுக்கும் ஏற்றபடி தீவுக்குத் தீவு, கரைக்குக் கரை போய்க்கொண்டே இருக்கும். அவரும் உடன் போனார். அவர்கள் மொழியையும் ஓரளவு கற்றார்.

அவர்கள் அவரை முழுமையாக நம்பிவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. வில்லை அவர் கையில் எடுத்தால் அவர்களுக்குப் பிடிக்காது. வில் வித்தையை அவருக்குக் கற்றுத் தரவில்லை. ஆனால் உணவில் பங்கு கொடுத்தார்கள். வேலை செய் என்று அடிக்கவில்லை. விலங்கு பூட்டவில்லை. எண் கொடுக்கவில்லை. சில மாதங்களுக்குப் பிறகு பூடியா என்ற முதியவர் தம் மகள் லீபாவை அவருக்கு மணம் செய்து வைத்தார். அவளுக்கு வயது சுமார் 20. அவளுடன் ஹீரா என்பவரின் மகள் ஜிகா என்ற 16 வயதுப் பெண்ணும் மனைவியாகக் கொடுக்கப்பட்டாள்.

பர்மாவில் தேடிய புகலிடம் அவருக்கு வேறு இடத்தில் கிடைத்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். அவருடன் ஓடிய நூற்றுக்கு மேற்பட்டவர்களில் ஏறக்குறைய எல்லோரும் மடிந்தார்கள். ஓடாமல் ராஸ் தீவில் தங்கியவர்களில் பலர் காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் இரையானார்கள். ஓடித் திரும்பியவர்கள் தூக்கில் தொங்கினார்கள். திவாரியோ காட்டில் மாமனாரும் மனைவியரும் பசிக்கு உணவும் பெற்று வாழ்ந்தார். சத்லூ என்ற இன்னொரு கைதியும் இதேபோல் தப்பி அந்தமானியரோடு இருந்தார்.

காட்டில் மூண்ட கோபம்

இதற்கிடையே குடியேற்றம் வளர்ந்துகொண்டே வந்தது. ராஸ், சாத்தம் தீவுகள் போதாமல், எதிர்க் கரையில் ஹாடோ, பீனிக்ஸ் வளைகுடா, அபர்டீன், அட்லாண்டா முனை என்று காடு அழிக்கப்பட்டது. பின்னாளில் 1896-இல் தொடங்கி 1906-இல் முடிந்த செல்லுலார் சிறை எழும்பிய குன்றுதான் அட்லாண்டா முனை. ஸ்காட்லாந்து நாட்டு நகரம் ஒன்றின் பெயர் இங்குள்ள மேட்டுக்கு வைக்கப்பட்டது. அந்த மேட்டுக்கு அதற்கு முன்பே ஒரு பெயர் இருந்திருக்கும் என்பதைப் பற்றிப் பெயர் வைத்தவர்கள் கவலைப்படவில்லை.

1859 ஏப்ரல் 6-ஆம் தேதி, ஹாடோவில் காடு வெட்டிக்கொண்டிருந்த 248 கைதிகளைச் சுமார் 200 அந்தமானியர் தாக்கினார்கள். ஏப்ரல் 14-ஆம் தேதி அதைவிடப் பெரிய கூட்டம் 446 கைதிகள் இருந்த இடத்தைத் தாக்கியது. வந்தவர்கள் 1,500 பேர் என்று அரசாங்கக் குறிப்பு சொல்கிறது. பயந்தவர் கணக்கில் எண்ணிக்கை கூடுவது இயல்பு. ஆனால் அன்று நடந்த ஒரு செய்தி மறக்க முடியாதது. காலில் விலங்கு வளையம் உள்ள கைதிகளை அந்தமானியர் ஒதுங்கி நிற்கும்படி சைகை காட்டினார்கள். சிவப்புத் தலைப்பாகையும் வில்லையும் அணிந்து வேலை வாங்கிய மேஸ்திரிகளைத்தான் தேடித் தேடித் தாக்கினார்கள். விலங்கு பூட்டியவன் யார், விலங்கு சுமப்பவன் யார் என்ற வேறுபாடு, எழுத்தறியாத அந்த மக்களுக்குத் தெரிந்திருந்தது. பிறகு கோடாரி முதலிய இரும்புக் கருவிகளை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் மறைந்தார்கள்.

அடுத்த தாக்குதலுக்கு அந்தமானியர் பெருந்திரளாகச் சேர்ந்தார்கள். அவர்களோடு திவாரியும் சத்லூவும் இருந்தார்கள். இம்முறை குறி அபர்டீன்.

மே 17

1859 மே 17-ஆம் தேதி விடிவதற்குள் கூட்டத்திலிருந்து திவாரியும் சத்லூவும் நழுவினார்கள். காட்டை விட்டு ஓடி வந்து அபர்டீன் நிலையத்தில் தங்களை வெளிப்படுத்திக்கொண்டு, தாக்குதல் வருகிறது என்ற செய்தியைச் சொன்னார்கள். திவாரி தப்பிச் சென்று அன்றோடு ஓராண்டும் 24 நாட்களும் ஆகியிருந்தன. மழித்த தலையும் மண் பூசிய உடலுமாக வந்து நின்றவர் 276-ஆம் எண் கைதி என்று அடையாளம் காணவே காவலர்களுக்குச் சிரமமாக இருந்திருக்கும்.

செய்தி கிடைத்ததும் வாக்கர் கடற்படைக் காவலர்களை எச்சரித்தார். லெப்டினன்ட் வார்டன் என்பவர் அந்தப் படைக்குத் தலைவர். ராஸ் தீவுக்கும் அபர்டீனுக்கும் நடுவே சார்லட் என்ற கப்பல் பீரங்கிகளுடன் நிறுத்தப்பட்டது. சிறிது நேரத்தில் அந்தமானியர் பாய்ந்து வந்தார்கள். நிராயுதபாணிகளான கைதிகள் கடலை நோக்கி ஓடினார்கள். நிலையம் சுமார் அரை மணி நேரம் அந்தமானியர் கையிலேயே இருந்தது. பிறகு கப்பலின் பீரங்கிகளும் கரையிலிருந்த துப்பாக்கிகளும் முழங்கின. வில்லும் அம்பும் எவ்வளவு நேரம் தாக்குப் பிடிக்கும்? நிலையம் மீட்கப்பட்டது. அந்தமானியர் தரப்பில் மடிந்தவர்களின் பெயர்களில் ஒன்றுகூட ஏட்டில் பதிவாகவில்லை. அந்தக் கூட்டத்தில் பூடியா இருந்தாரா, ஹீரா இருந்தாரா என்றும் யாரும் விசாரிக்கவில்லை.

அத்தனை பெரிய திரளாக ஆங்கிலேயரை எதிர்த்து அந்தமானியர் திரண்டது அதுவே கடைசித் தடவை.

மன்னிப்பும் அதன் விலையும்

தப்பியோடிய மற்றக் கைதிகளுக்குக் கயிறு கிடைத்தது. திவாரிக்குக் கிடைத்தது விசாரணை மேஜையில் ஓர் ஆசனம். அவர் கண்டதையும் கேட்டதையும் அதிகாரிகள் விரிவாக எழுதிக்கொண்டார்கள். அந்தமானியரின் உணவு, படகு, வேட்டை, திருமணம், மொழி ஆகியவை பற்றி வெளியுலகம் முதன்முதலில் பெற்ற நெருக்கமான தகவல்களில் அவருடைய வாக்குமூலமும் ஒன்று. அதில் தவறுகள் உண்டு என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். ஆனாலும் அந்தமானியரோடு நெடுங்காலம் பழகிய போர்ட்மன் என்ற அதிகாரி 1899-இல் வெளியிட்ட வரலாற்று நூலில் திவாரியின் கதைக்கு இடம் கொடுத்திருக்கிறார்.

1859 அக்டோபரில் வாக்கர் போய், கேப்டன் ஹாட்டன் பொறுப்புக்கு வந்தார். 1860-இல் திவாரிக்குப் பொது மன்னிப்பு வழங்கப்பட்டது. ஆயுள் கைதி விடுதலை பெற்று ஊர் திரும்பினார். எந்த நாட்டிலிருந்து குற்றவாளி என்று துரத்தப்பட்டாரோ, அந்த நாட்டுக்கே சுதந்திர மனிதராகப் போனார். அதன் பின் வரலாற்றில் அவர் பெயர் இல்லை.

அவர் காட்டை விட்டு வந்தபோது லீபா கர்ப்பமாக இருந்தாள். இதுவும் அவருடைய வாக்குமூலத்தால் தெரிந்த செய்தியே. தன் கணவர் எங்கே போனார், ஏன் போனார் என்று அவளிடம் யார் சொன்னார்களோ தெரியாது. அவள் கேட்டிருந்தால் அதை எழுதிக்கொள்ள மேஜையும் எழுத்தரும் காட்டில் இல்லை.

துரோகியா, பாவமா?

திவாரியைத் துரோகி என்று சொல்பவர்கள் தீவில் பலர். உயிர் கொடுத்தவர்களைக் காட்டிக் கொடுத்தவர். பெண் கொடுத்த குடும்பத்தைப் பீரங்கிக்கு இரையாக்கியவர். அதிலும் ஆங்கிலேயருக்கு எதிராகப் புரட்சி செய்த சிப்பாய் ஆங்கிலேயருக்கே உதவியது மன்னிக்க முடியாதது என்பது அவர்கள் கட்சி. மே 17-ஆம் தேதி நினைவுச் சின்னத்தில் அஞ்சலி செலுத்தும்போது அவர் பெயரைக் கசப்போடுதான் நினைவுகூர்கிறார்கள். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்று நம் ஊரில் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது.

மறுபக்கமும் உண்டு. தாக்குதல் நடந்தால் முதலில் மடியக் கூடியவர்கள் வெள்ளைக்கார அதிகாரிகள் அல்ல. அவர்கள் ராஸ் தீவில் பத்திரமாக இருந்தார்கள். அபர்டீனில் இருந்தவர்களில் பெரும்பாலோர் நிராயுதபாணிகளான கைதிகள். திவாரியைப் போலவே புரட்சியில் பிடிபட்டு விலங்கோடு கப்பலேறி வந்தவர்கள். அவருடைய மொழி பேசியவர்கள். அவர்களைக் காப்பாற்ற நினைத்தது குற்றமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஏப்ரல் 14-ஆம் தேதி விலங்கு சுமந்தவர்களை அந்தமானியர் ஒதுங்கச் சொன்னதை நினைத்தால், இந்த வாதத்தின் பலம் பாதி குறைந்துவிடுகிறது.

மூன்றாவதாக ஒரு காரணமும் இருக்கலாம். அது எளிமையானது. வயிறு நிறைந்தும் உயிர் தப்பியும் அவருக்கு ஊர் நினைவு போகவில்லை. பாதுகாப்பு வேறு, ஊர் வேறு. இங்கே பஜாரில் கடை வைத்து நாற்பது ஆண்டு ஆனவரும், சென்னைக் கப்பல் புறப்படும் நாளில் துறைமுகத்தின் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் கடை திறக்கிறார். எந்தத் தொந்தரவும் இல்லாத இடத்தில் வாழ்ந்தாலும், தொந்தரவு நிறைந்த சொந்த ஊருக்கு ஒரு தடவை போய் வர வேண்டும் என்ற எண்ணம் மனிதனை விடுவதில்லை. திவாரிக்கு அந்த ஆசை இருந்தது குற்றம் அல்ல. அதற்கு அவர் செலுத்திய கட்டணம் அவருடையதாக இல்லாமல் மற்றவர்களுடையதாகப் போனதுதான் குற்றம்.

பாதுகாப்பை இழந்தவர்கள்

அபர்டீன் போருக்குப் பிறகு நடந்ததையும் சொல்லி முடிக்க வேண்டும். 1863-இல் ராஸ் தீவில் கார்பின் என்ற பாதிரியார் அந்தமானியருக்காக இல்லம் ஒன்றைத் தொடங்கினார். அடக்கவும் பழக்கவும் என்று ஏற்பட்ட இல்லங்களின் வழியே புகையிலையும் சாராயமும் மேகநோயும் அவர்களிடையே பரவின. 1877-இல் தட்டம்மை வந்து கூட்டம் கூட்டமாக அவர்களைக் கொண்டு போயிற்று. 1858-இல் பெரிய அந்தமானியர் சுமார் 5,000 பேர் இருந்திருக்கலாம் என்பது மதிப்பீடு. 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1961-இல் 19 பேர். இன்று ஸ்ட்ரெயிட் தீவில் அவர்களுக்காக அமைத்த குடியிருப்பை ஆதாரமாகக் கொண்டு ஐம்பது பேர் அளவில் இருக்கிறார்கள். தென் அந்தமானின் இந்தக் கரைகளில் வாழ்ந்த பியா என்ற பிரிவில் 1931-ஆம் ஆண்டுக்குள் ஒருவரும் மிஞ்சவில்லை.

வெளியிலிருந்து வந்தவர்கள் அனைவருக்கும் இந்தத் தீவு கொஞ்சம் கொஞ்சமாகப் பாதுகாப்பான இடமாயிற்று. மாப்பிளாக் கலகத்தில் தண்டனை பெற்றவர்கள் 1920-களில் வந்தார்கள். குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்ட பாந்துக்கள் 1926-இல் வந்தார்கள். தாயகத்தில் பொல்லாதவர்கள் என்று பெயர் வாங்கியவர்களின் பிள்ளைகள் இங்கே நெல் விளைவித்தார்கள், பள்ளி கட்டினார்கள், ஒருவர் வீட்டில் ஒருவர் பெண் எடுத்தார்கள். கதவைப் பூட்டாமல் வெளியூர் போய் வந்த காலத்தைப் பழைய போர்ட் பிளேயர்வாசிகள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். குற்றவாளிகளைக் கொண்டு வந்து கொட்டிய இடம் குற்றம் குறைந்த ஊராக மாறியது பெரிய ஆச்சரியம். அந்த ஆச்சரியத்துக்கு இடம் கொடுத்து விலகியவர்களுக்கு மட்டும் பாதுகாப்பு கிடைக்கவில்லை.

ராஸ் தீவுக்கு 2018-இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று பெயர் மாறியது. 2024-இல் போர்ட் பிளேயர் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. அபர்டீன் பஜார் என்ற பெயர் மக்கள் வாயில் அப்படியே இருக்கிறது. மாலையில் காய்கறிப் பையுடன் பஜாரிலிருந்து இறங்கி வருபவர்கள் நினைவுச் சின்னத்தைக் கடந்துதான் கடற்காற்று வாங்கப் போகிறார்கள். அதில் திவாரிக்கு இடம் இல்லை, அது நியாயமே. பூடியாவின் பெயரும் லீபாவின் பெயரும் அதில் இல்லை. புகலிடம் தேடி வந்த ஓர் அந்நியனின் காயத்துக்குச் செம்மண் பூசி, பசிக்கு உணவு கொடுத்துக் காப்பாற்றியவர்கள் அவர்கள். புகலிடம் தேடி வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாழும் ஊர் இது. அந்த இரண்டு பெயர்களையும் நினைவில் வைத்திருக்க வேண்டியது இந்த ஊரின் கடமை.